வாசலில் மூன்று பித்தளைக் கற்கள்

இந்த நாட்டில் பெயர்களை நிலத்தில் பதிக்கிறார்கள். வுப்பர்டாலில் நாங்கள் குடியிருக்கும் வீட்டு வாசலில், நடைபாதைக் கற்களுக்கு நடுவே, உள்ளங்கை அளவில் மூன்று பித்தளைக் கற்கள் இருக்கின்றன. முன்னொரு காலத்தில் இதே வீட்டில் வாழ்ந்த யூதக் குடும்பத்தின் பெயர்கள் அவை. தகப்பன், தாய் பெயர்களின் கீழே கொலை செய்யப்பட்டார்கள் என்றிருக்கிறது. மகளின் பெயரின் கீழே 'ஃப்ளுக்ட், ஆர்ஜென்டினா'. ஃப்ளுக்ட் என்றால் தப்பியோடுதல். என் மாமனாரின் பழைய அகதிப் பத்திரங்களிலும் அதே சொல்தான். எழுத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி வளர்ந்தவள் நான். அதனால் என் மகள் ஆதிராவும் தினமும் கிண்டர்கார்டனுக்குப் போகும்போது அந்தக் கற்களைத் துள்ளித் தாண்டுகிறாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பழப்புளி போட்டுக் குத்துவிளக்கை மினுக்கினேன். கொஞ்சம் மிஞ்சியது. வாசலில் அந்தக் கற்கள் கறுத்துப்போய்க் கிடந்தது நினைவுக்கு வந்தது. கீழே இறங்கிப் போய்ப் புளியைப் பூசிவிட்டு, ஊறட்டும் என்று குந்திக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டுப் பெண்மணி ஃபிராவ் வெபர் ஜன்னலைத் திறந்தார்.

"என்ன பூசுகிறாய் அதில்?"

புளிக்கு ஜெர்மன் சொல் வாயில் வரவில்லை. "சமையல் சாமான்" என்றேன்.

"இறந்தவர்களின் பெயரில் சமையல் குப்பையா?" என்றவர் கைபேசியால் படம் எடுத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினார். புளியைத் துடைத்தெடுத்தேன். கற்கள் பளிச்சிட்டன, என் விரல்கள் மண்ணிறமாக இருந்தன. எங்கள் தெரு விளக்குக் கம்பங்களில், வெளிநாட்டாரைத் திருப்பி அனுப்பச் சொல்லும் ஸ்டிக்கர்கள் ஒட்டத் தொடங்கியிருந்த நாட்கள் அவை. அந்தப் படத்தில் நான் என்னவாகத் தெரிவேன்?

வேலையால் வந்த கணவர் தலையில் கை வைத்தார். "பிரஜாவுரிமைக்கு அன்ட்ராக் எழுதிக் குடுத்துப்போட்டு இருக்கிறம். யூதரின்ர வாழ்வைப் பாதுகாப்பன் எண்டு கையெழுத்தும் வைச்சிருக்கிறீர். இப்ப இந்தப் படம் பிரஜாவுரிமைக் கந்தோருக்குப் போனா?"

"நான் துடைக்கத்தானே போனனான். நீங்கள் போய் அவவுக்கு விளங்கப்படுத்துங்கோவன்."

"ஊர் விளக்கெல்லாம் மினுக்க உம்மை ஆர் கேட்டது?"

நானே பலகாரத்தோடு போய் மணி அடித்தேன். கதவு திறக்கவில்லை. உள்ளே வானொலி மட்டும் பாடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ஃபிராவ் வெபர் எங்களுக்கு வணக்கம் சொல்வதில்லை. முறைப்பதும் இல்லை. முன்பு ஆதிராவைக் கண்டால் கையசைப்பவர், இப்போது எங்களைக் கடந்து தெருவைப் பார்க்கிறார்.

கிளிநொச்சியில் நாங்கள் வீட்டை விட்டு ஓடியதை நினைத்தால் எனக்கு ஷெல் சத்தம் முதலில் வருவதில்லை. பக்கத்து வீட்டார் ஒரு சொல்லும் சொல்லாமல் ஒவ்வொன்றாகக் கோழிகளை விற்றதுதான் வருகிறது. எங்கள் அம்மா அதைப் பார்த்துத்தான் பிறப்புப் பத்திரங்களையும் காணி உறுதியையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டார். இங்கே என் வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் அப்படியொரு பை தொங்குகிறது.

சில வாரம் கழித்து, ஆதிராவோடு கடையால் வரும்போது, ஒரு வயதானவர் துணியும் கையுமாக வாசலில் முழங்காலிட்டிருந்தார். அவருடைய துணி படுமுன்பே கற்கள் பளபளவென்று மின்னின.

"யார் துடைத்தது?" என்று கேட்டார். ஆதிரா என்னைச் சுட்டிக்காட்டி ஜெர்மனில் சொன்னாள்: "அம்மா! சாம்பாருக்குப் போடுற சாமானாலே!"

அவர் சிரித்தார். ஆர்ஜென்டினாவுக்குத் தப்பிப்போன அந்த மகளின் மகன் அவர். அவருடைய ஜெர்மன், ஆதிராவின் தமிழைப் போல, வீட்டுக்குள் மட்டும் பேசி வளர்ந்தது. தன் தாய் பித்தளை மெழுகுவர்த்தித் தாங்கிகளை எலுமிச்சையால் மினுக்குவார் என்றார். தேநீருக்கு உள்ளே அழைத்தேன். வரமாட்டேன் என்று தலையசைத்தார்.

"நீங்கள் திரும்பி வந்துவிடலாமே?" என்று கேட்டேன்.

"ஜெர்மன் பாஸ்போர்ட் எடுத்துவிட்டேன். அலமாரியில் இருக்கிறது. அங்கே ஏதாவது நடந்தால் இங்கே. இங்கே நடந்தால் அங்கே." துணியை மடித்தார். "முதலில் ஒன்றுமே நடக்கவில்லை என்பார் அம்மா. அயலவர்கள் காலை வணக்கம் சொல்வதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். எல்லாம் சரியாகிவிடும் என்று தாத்தா சொன்னாராம்." பிறகு இயல்பாகக் கேட்டார்: "உங்களுக்கு அயலவர்கள் எப்படி?"

"நல்லவர்கள்" என்றேன். ஃபிராவ் வெபரின் திரைச்சீலை அசைந்தது.

பிரஜாவுரிமைப் பத்திரம் வாங்க வரச்சொல்லி, நாளும் நேரமும் குறித்து, டெர்மின் வந்துவிட்டது. படத்தை யாரும் பொருட்படுத்தவில்லை என்று கணவருக்குச் சந்தோஷம். "இனி அந்தப் பையைக் கழட்டும்" என்கிறார். கழற்றப் போனேன். கையை எடுத்துவிட்டேன்.

இன்று காலை ஆதிரா கற்களைத் துள்ளித் தாண்டி நடைபாதையில் நின்றாள். கீழ்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. "குட்டன் மோர்கன், ஃபிராவ் வெபர்" என்று காலை வணக்கம் சொன்னேன். என் ஒரு கால் வாசலுக்கு உள்ளே, மற்றது வெளியே, நடுவில் அந்த மூன்று பெயர்கள். பதிலுக்காக அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.