பக்கெட் மாமாவும் மருந்தில்லாத பீரங்கியும்

என் அக்காவின் கணவருக்குப் பக்கெட் மாமா என்று பெயர் வைத்தது நான்தான். நாங்கள் இருவரும் வேலை பார்க்கும் பீரங்கிச் சோதனைத் திடலில் எல்லாரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அக்காவுக்கு என்மேல் இன்னும் கோபம்.

கடலோரத்தில், நீளமான ஒரு கொட்டகைக்குள் இருக்கிறது எங்கள் பீரங்கி. போர்க்கப்பலில் வைப்பதற்காகச் செய்தது. வெடிமருந்து கிடையாது, எல்லாம் கரண்டு. குழாய்க்குள் இரண்டு செப்புக் கட்டைகள் நீளவாக்கில் எதிரெதிரே இருக்கும். நடுவில் குண்டு. ஒரு கட்டை வழியாகப் போய், குண்டைக் கடந்து, மறு கட்டை வழியாகத் திரும்பும்படி ஒரே மூச்சில் கரண்டை விட்டால், அந்த விசையே குண்டைத் தள்ளிக்கொண்டு போய்விடும். பக்கத்து ஹாலில் வரிசை வரிசையாகக் கெபாசிட்டர்கள். ஃபேனுக்குள் குட்டியாக இருக்குமே, அதுதான், இங்கே பீரோ அளவில். அவற்றில் கரண்டு ஏற்றுவதும், சுட்டு முடித்ததும் மிச்சத்தை மண்ணுக்கு இறக்குவதும் என் வேலை. தேய்ந்த கட்டைகளைக் கழற்றி மாற்றுவது மாமாவின் வேலை.

எனக்கு அந்தப் பீரங்கி என்றால் பைத்தியம். மாமாவுக்குத் துளி நம்பிக்கை இல்லை. அதுவரை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரண்டு விட்டுப் பார்த்திருந்தோம். "டக்" என்று ஒரு சத்தம் வரும், குண்டு போய் மணல் மேட்டில் புதையும், அவ்வளவுதான்.

"கொசு பேட் இதைவிட நல்லா சத்தம் போடும் மாப்ள," என்பார்.

"முழுசா விடும்போது பாருங்க மாமா."

"பாத்துக்கிட்டேதான் இருக்கேன். எனக்கு ரிட்டயர்மென்ட் வந்துடும், இதுக்கு வேகம் வராது."

இவ்வளவு பேசுகிறவர், வேலைக்கு வந்ததும் ஒரு சிவப்பு பக்கெட் நிறையத் தண்ணீர் பிடித்துத் தடுப்புச் சுவர் ஓரமாக வைத்துக்கொள்வார். கரண்டு இருக்கிற இடத்தில் தண்ணீரா என்று நான் கத்துவேன். "சுடுற இடத்துல தண்ணி இல்லாம என்னால நிக்க முடியாது, விடு," என்பார். அதற்கு மேல் நான் பேசுவதில்லை. காரணம் எனக்குத் தெரியும்.

மாமா முன்பு போர்க்கப்பலில் பீரங்கிக்கு மருந்து மூட்டை ஏற்றியவர். ஒரு குண்டு போனதும் குழாய்க்குள் மிஞ்சிய தணலை ஈரத்தால் துடைத்துவிட்டுத்தான் அடுத்த மூட்டையை வைக்க வேண்டும். ஒருநாள் யாரோ அவசரப்பட்டார்கள். ஒரு கங்கு மிஞ்சிவிட்டது. மூட்டையை வைத்தவர் மாமாவின் கூட்டாளி. அவர் உயிரோடு வெளியே வரவில்லை. மாமாவின் முதுகில் அந்தத் தீயின் தழும்பு இன்னும் இருக்கிறது.

இப்போது அவருடைய ஒரே மகள் ஒரு போர்க்கப்பலில், வெடிமருந்துக் கிடங்கில் வேலை செய்கிறாள். படுக்கையும் அதற்கு நேர் மேல்தளத்தில். போகாதே என்று மாமா கெஞ்சிப் பார்த்தார். அவளும் அப்பாவைப் போலப் பிடிவாதக்காரி, போய்விட்டாள். அதிலிருந்து மனுஷனுக்குச் சரியான தூக்கம் இல்லை. எங்கள் பீரங்கியை நம்ப மறுத்ததுகூட அதனால்தான் என்று நினைக்கிறேன். நம்பிவிட்டால் அது மகளின் கப்பலுக்கு வரும் வரைக்கும் காத்துக் கிடக்க வேண்டுமே.

முழு அளவில் கரண்டு விடுகிற நாள் வந்தது. மேலிடத்து ஆட்கள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார்கள். இன்றைக்குச் சரிப்படாவிட்டால் எல்லாவற்றையும் இழுத்து மூடிவிடுவார்கள் என்று பேச்சு.

நான் கண் சிமிட்டவில்லை, சத்தியமாக. ஆனாலும் குண்டு போனதைப் பார்க்கவில்லை. நெஞ்சுக்குள் யாரோ கதவை அறைந்து சாத்தியது போல இருந்தது. பீரங்கியின் வாயிலிருந்து ஒரு லாரி நீளத்துக்கு நெருப்பு. மருந்து ஒரு சிட்டிகைகூட இல்லை, உருகிய உலோகமே காற்றில் எரிந்தது. திடலின் மறுகோடியில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தியிருந்த இரும்புப் பலகைகள் அத்தனையிலும் ஓட்டை, ஓட்டை வழியாகக் கடல் தெரிந்தது. மனிதர்கள் செய்த ஒன்றா இது என்று இருந்தது. இத்தனை நாள் அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடிய நானே ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

அதற்குள் மாமா பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பீரங்கியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.

மிச்சக் கரண்டை நான் இன்னும் இறக்கவில்லை. அந்தத் தண்ணீர் கட்டையில் பட்டால் மனுஷன் அங்கேயே கரிக்கட்டைதான். பாய்ந்து போய் இடுப்போடு சேர்த்துப் பிடித்தேன்.

"விடு மாப்ள. உள்ள தணல் கிடக்கும்."

"மாமா, உள்ள கரண்டு இருக்கு. தணல் எங்கிருந்து வரும்? நாமதான் மருந்தே வைக்கலையே."

அவர் நின்றுவிட்டார். தண்ணீர் முழுக்க எங்கள் கால்களில் கொட்டியது. வருஷக்கணக்காக நான் சொல்லிக்கொண்டிருந்த அதே விஷயம்தான். அன்றைக்குத்தான் அவர் காதில் ஏறியது.

நான் ஓடிப்போய் மிச்சத்தை இறக்கிவிட்டுக் கை காட்டினேன். மாமா குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். தலையை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு பொறிகூட இல்ல மாப்ள," என்றார். "அப்ப கப்பல்ல மருந்துக் கிடங்கே தேவைப்படாதா?"

"இந்தப் பீரங்கிக்குத் தேவைப்படாது மாமா. ஆனா இது கப்பலுக்குப் போக இன்னும் ரொம்ப நாள் ஆகும்."

அவர் கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே கைவிட்டுச் செப்புக் கட்டைகளைத் தடவினார். எலி கொறித்தது போல நீளத்துக்கும் பள்ளம். அடுத்த குண்டு இதில் போகாது. எங்கள் தலைமை இன்ஜினியர் அம்மா எட்டிப் பார்த்தார், முகம் வாடிவிட்டது.

"ஒவ்வொரு தடவையும் கட்டை மாத்தணும்னா எந்தக் கப்பல்ல வைக்கிறதுன்னு கேப்பாங்க," என்றார். "கேட்டா என்கிட்ட பதில் இல்ல. இத்தோட நிறுத்திக்கலாம்."

இத்தனை நாள் துள்ளிய நானும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன்.

மாமா ஈரக் காலோடு பீரங்கி மேல் ஏறினார். ஸ்பேனரை எடுத்து முதல் போல்ட்டில் மாட்டினார்.

"வந்தவங்களுக்கு டீ கொடுங்கம்மா, உக்காந்திருக்கட்டும்," என்றார். "இதைவிடக் கெட்டியான உலோகக் கலவையில செஞ்ச கட்டை ஒரு ஜோடி ஸ்டோர்ல கிடக்கு. அதைப் போட்டு இன்னொரு தடவை சுட்டுப் பாத்துடலாம்."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்ன மாப்ள, மரம் மாதிரி நிக்கிற? வந்து பிடி. என் புள்ள அங்க மருந்து மேல படுத்துக் கிடக்குறா."