மூன்றாவது ஆக்சுவேட்டர்

என் மைத்துனன் ஜெரால்டின் வேலையைக் கெடுத்தவன் நான். ஒரே ஒரு பொய் சொல்லிக் கெடுத்தேன். அவனுக்கு இன்றுவரை தெரியாது. அவனுடைய அக்காவான என் மனைவி ஸ்டெல்லாவுக்கும் தெரியாது... உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

விமான இன்ஜின் பாகங்களை வடிவமைக்கும் ஒரு பெங்களூர் அலுவலகத்தில் எனக்கு வேலை. விமானம் தரையைத் தொட்டதும் இன்ஜினின் பின்பக்க உறை பின்னால் நகர்ந்து, காற்றை முன்பக்கமாகத் திருப்பிவிடும், வேகம் தணியும். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் நீங்களும் கவனித்திருப்பீர்கள். அந்த உறையைத் தள்ளும் தண்டுகளுக்கு ஆக்சுவேட்டர் என்று பெயர். உறையின் ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று. அவற்றை எங்கெங்கே வைப்பது என்பதே சில ஆண்டுகள் என் பிழைப்பாக இருந்தது.

கேட்பதற்குச் சுலபம்! இரண்டு சொன்ன இடத்தில் உட்கார்ந்துவிட்டன. மூன்றாவதுதான் என் உயிரை வாங்கியது. இங்கே வைத்தால் உறை கோணலாக நகர்ந்தது. அங்கே வைத்தால் உறையை மூடிப் பிடிக்கும் பூட்டில் இடித்தது. மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் அடிப்பக்கம் ஓரிடத்தில் பொருத்தினேன். பாரம் சமமாகப் பிரிந்தது. அலுவலகத்தில் கைதட்டினார்கள்.

ஆனால் அதன் முன்னே ஓர் எண்ணெய்க் குழாய் குறுக்கே போனது. குழாய்க்குப் பின்னாலிருக்கும் ஆக்சுவேட்டரின் போல்ட்டைக் கழற்ற ஒரு மெக்கானிக்கின் கை உள்ளே போக வேண்டும்... போகவில்லை. மறுபடியும் முதலிலிருந்தா? எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கள் மென்பொருளில் மனிதக் கைகள் பல அளவுகளில் இருக்கும். இருப்பதிலேயே சிறிய கையை எடுத்தேன். கையுறையையும் கழற்றிவிட்டேன். அது குழாயை உரசாமல் உள்ளே போனது. படமெடுத்துக் காட்டினேன். யாருடைய கை என்று ஒருவராவது கேட்டிருக்கக் கூடாதா! தலையாட்டிவிட்டுக் காபி குடிக்கப் போனார்கள்.

பயணிகளுக்கு ஆபத்தோ என்று பதற வேண்டாம். அந்த ஆக்சுவேட்டர் ஒழுங்காகவே இயங்குகிறது. அவதி எல்லாம் அதைக் கழற்றி மாட்டுகிறவனுக்குத்தான்.

அப்படிக் கழற்றி மாட்டுகிறவர்களில் ஒருவனாக ஜெரால்டு வந்து சேர்வான் என்று நான் கண்டேனா? கோலார் தங்கவயலில் பிறந்தவன். தேவனஹள்ளிப் பக்கம் விமானங்களைப் பழுதுபார்க்கும் ஒரு ஹேங்கரில் மெக்கானிக். வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். ஞாயிறு பூசை முடிந்து லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். பிரியாணியைவிட அந்த மூன்றாவது ஆக்சுவேட்டரைத்தான் அதிகம் மெல்லுவான். எந்த முட்டாள் அதை அங்கே வைத்தானோ, அவன் மட்டும் கையில் கிடைக்கட்டும் என்பான். நான் விமான இறக்கைகளைப் பார்த்துக்கொள்பவன் என்பது அவன் நினைப்பு. நான் திருத்தவில்லை. அவனோடு சேர்ந்து அந்த முட்டாளைத் திட்டினேன். சிரித்துக்கொண்டே திட்டினேன்!

கடுப்பு தாங்காமல் அவன், அந்த போல்ட்டை எட்டுவதற்காக ஒரு ஸ்பானரைச் சூடாக்கி வளைத்துத் தனக்கென வைத்துக்கொண்டான். அனுமதியில்லாத கருவி அங்கே பெரிய குற்றம். சோதனையில் அகப்பட்டான். கையே போகாத இடத்தில் வேறென்ன செய்வது என்று மேலாளரிடம் கத்தியிருக்கிறான். அவர் பராமரிப்புக் கையேட்டைத் திறந்து, இதோ போகிறதே என்று படத்தைக் காட்டியிருக்கிறார்.

அந்தப் படத்தைப் போனில் எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தான். வாங்கிப் பார்த்தேன். நான் எடுத்த அதே கோணம்... அதே கை!

“மாமா, நீங்க இன்ஜினியர். கை உள்ள போவுமா போவாதா, ஒரே வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா நான் ஒத்துக்கறேன்.”

போகாது என்றால் எழுதிக் கொடுங்கள் என்பான். எழுதிக் கொடுத்தால், படம் யார் எடுத்தது என்று தேடுவார்கள். தேடினால் என் மேஜைக்கு வந்து நிற்பார்கள். இவ்வளவும் ஒரு நொடியில் கணக்குப் போட்டேன்... அவனைப் பற்றி அந்த நொடியில் ஒன்றுமே நினைக்கவில்லை.

“போகும் ஜெரால்டு. நீதான் அவசரப்பட்டுட்ட.”

அவன் எதிர்த்துப் பேசுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால்கூட உண்மையைக் கக்கியிருப்பேனோ என்னவோ! அவன் தன் வலக்கையை ஒருமுறை விரித்துப் பார்த்தான். பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மறுநாளே தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டு மன்னிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறான். இனி இன்ஜினைத் தொடக் கூடாது என்று ஸ்டோர் ரூமில் உட்கார வைத்துவிட்டார்கள். மற்றவர்களுக்குக் கருவிகளை எடுத்துக் கொடுத்து வாங்கி வைக்கிறான். அந்த போல்ட்டோடு இப்போது மல்லுக்கட்டுகிறவர்கள் வாயைத் திறப்பதில்லை. திறந்தவனுக்கு என்ன ஆனது என்றுதான் பார்த்துவிட்டார்களே. எனக்குப் பதவி உயர்வு வந்தது. இப்போது பிறர் எடுத்து வரும் படங்களை நான்தான் பார்த்து ஒப்புதல் கொடுக்கிறேன். என்ன அநியாயம் பாருங்கள்!

ஏன் இன்னும் சொல்லவில்லை என்று கேட்கிறீர்களா? ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிடத்தான் நினைக்கிறேன். அவன் வருகிறான், சத்தமில்லாமல் சாப்பிடுகிறான். வாய்வரை வருவது அப்படியே திரும்பிப் போய்விடுகிறது. கோழை என்று நீங்கள் சொல்லலாம். நானும் அதைத்தான் சொல்லிக்கொள்கிறேன். அதனால் அவனுக்கு என்ன லாபம்?

போன ஞாயிறு, ஸ்டெல்லா சமையலறைக்குப் போனதும், அவன் தலை நிமிராமல் சொன்னான்:

“அன்னிக்கு நீங்க உண்மைய சொன்னது நல்லதாப் போச்சு மாமா. இல்லன்னா சண்டை போட்டு இந்த வேலையும் போயிருக்கும்.”

இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொள் என்றேன்.