மூன்றாம் நம்பர் தோல்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் பதினோரு வருஷம் ஆட்டுத் தோல் தரம் பிரித்தவள் அம்சவேணி. மயிர் நீக்கிய தோலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து விரலை ஓட்டினால் போதும், உண்ணி கடித்த இடம் எது, முள் கீறின இடம் எது என்று சொல்லிவிடுவாள். உண்ணிக் கடி இருந்தால் மூன்றாம் நம்பர். அவள் அப்படித் தள்ளியதை மேஸ்திரி ஆபித் பாஷாகூட இரண்டாம் நம்பரில் சேர்க்க மாட்டார். சேர்த்தால் அவள் வாயில் விழ வேண்டும்.

எண்பத்தொன்றாம் வருஷம் கார்த்திகையில், தங்கை சௌந்தரத்துக்கு அம்மா வந்திருக்கிறாள் என்று ஒடுகத்தூரிலிருந்து சேதி வந்தது. அம்மை என்று பெயர் சொல்ல மாட்டார்கள், வந்திருப்பது தெய்வமாயிற்றே. சௌந்தரம் மலையடிவாரத்தில் ஆடு மேய்ப்பவள். புருஷன் பெங்களூரில் கட்டட வேலை. அம்சவேணி கைவேலையைப் போட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. தங்கையின் மாமியார் தனகோடி குறுக்கே நின்றாள்.

"உள்ள வராத. தோல் ஷாப்பு நாத்தம் அம்மாவுக்கு ஆகாது."

"எனக்குந்தான் இந்த ஊர் ஆகாது. நவுரு அத்தை."

உள்ளே சௌந்தரத்துக்கு ஆறு நாளாய்க் காய்ச்சல், மண்டை பிளக்கிற தலைவலி. மருந்து என்று வாயைத் திறந்தாலே குற்றமாம். உடம்பு முழுக்க வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிப் போட்டிருந்தார்கள். அம்சவேணியின் கை தன்பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டது. செம்புத் தண்ணீரால் மஞ்சளைக் கழுவினாள். சிவப்புப் புள்ளிகள், அம்மை முத்துபோல் ஒன்றில்கூட நீர் கோக்கவில்லை. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூட இருந்தன. முழங்காலின் பின்மடிப்பில் மஞ்சளை வழித்தபோது கறுப்பாய் ஒரு பொருக்கு தெரிந்தது, சுற்றிலும் சிவந்த வளையம்.

"இது அம்மா இல்ல. உண்ணி கடிச்சிருக்கு. அதான் காய்ச்சல்."

"ஆட்டுத் தோல் பாக்கறவ மனுஷத் தோலுக்கு வைத்தியம் சொல்ல வந்துட்டா. ஏதாச்சும் ஆச்சுன்னா நீதான்டி பொறுப்பு."

"நான்தான். போதுமா?"

சொல்லிவிட்டாள். தங்கை செத்தால், அம்மனுக்குக் கோபமூட்டிக் கொன்றவள் என்று ஊர் ஆயுசுக்கும் பேசும். அவளே அதை நம்பினாலும் நம்பிவிடுவாள். இருந்தும் சௌந்தரத்தைத் தோளில் சாய்த்து நடத்திக்கொண்டு பஸ் ஏற்றினாள். ஊர் வேடிக்கை பார்த்தது, பார்க்கட்டுமே.

வேலூர் ஆஸ்பத்திரி டாக்டர் இளவயசுக்காரர். டைபாய்டாக இருக்கலாம் என்று எழுதப் போனார்.

"எழுதறதுக்கு முன்னாடி இதக் கொஞ்சம் பாருங்க சார்" என்று தங்கையின் காலைத் திருப்பிக் காட்டினாள்.

அவர் குனிந்து பார்த்தார், பேனாவை மூடிவிட்டுப் பெரிய டாக்டரை அழைத்து வந்தார்.

"யாரும்மா இதப் பாத்தது?" என்றார் பெரியவர்.

"நான்தான். தோல் ஷாப்புல வேலை."

"உண்ணிக் காய்ச்சல்தான். ரத்தத்துல தெரிய நாளாகும். அதுவரைக்கும் காத்திருந்தா பொண்ணு தாங்காது" என்று அப்போதே டெட்ராசைக்ளின் எழுதினார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. சௌந்தரம் கண்ணைத் திறந்து, "பசிக்குதுக்கா" என்றாள். அம்சவேணி வராந்தாவுக்குப் போய் ஒருபாட்டம் அழுதுவிட்டு, இட்லி வாங்கி வந்தாள்.

சௌந்தரம் ஊர் திரும்பியதும் தனகோடியோ, அம்மா மனசு இறங்கினாள் என்று ஊருக்கே கூழ் ஊற்றினாள். அம்சவேணி இரண்டு சொம்பு வாங்கிக் குடித்தாள். "மேச்சல்லேர்ந்து வந்ததும் உடம்பத் தடவிப் பாரு. ஆட்டு உண்ணியக் கையால நசுக்காத" என்று ஊரார் காதில் விழும்படி தங்கையிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அடுத்த வருஷம் ஒரு மத்தியானம், தோல் ஷாப்பு கேட்டில் தனகோடி வந்து நின்றாள். முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். கண் சிவந்து, உடம்பு கொதித்தது.

"அம்மனக் கேட்டேன். உங்கிட்ட காட்டச் சொன்னா."

அம்சவேணி தன் கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நாறுமே அத்தை. பரவால்லையா?"

தனகோடி மூக்கிலிருந்து முந்தானையை எடுத்தாள். கொண்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கழுத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"பாருடி" என்றாள்.