காசு கொடுத்து வாங்கிய பசி

பொறாமைப்பட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் பத்திரிகை தர்மம், தொழில் நேர்மை என்றெல்லாம் நான் நிறையப் பேசினேன். பேசியதில் பாதி வயிற்றெரிச்சல். மீதிப் பாதி உண்மை என்று இன்னமும் நம்புகிறேன். ஆனால் எது எந்தப் பாதி என்று பிரித்துக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது.

நான் சிங்கப்பூரில் தமிழ்ச் செய்தியாளன். எங்கள் அலுவலகத்தில் பேட்டி கொடுப்பவருக்குப் பணம் கொடுக்கும் வழக்கம் இல்லை. அதிகபட்சம் ஒரு கோப்பி வாங்கித் தரலாம். நான் யார் வீட்டுக்குப் போனாலும் சிராங்கூன் சாலையில் ஒரு பெட்டி ஜிலேபி வாங்கிக்கொண்டு போவேன். வெறுங்கையோடு எப்படிப் போவது? அந்தப் பெட்டியும் ஒரு வகையில் கூலிதானே என்று ஒரு கூட்டத்தில் யாரோ கிளப்பிவிட, ஜிலேபியின் நேர்மை பற்றி நெடுநேரம் விவாதித்தோம். சாப்பிட்டால் தீர்ந்துபோகிற பொருள் என்றால் பரவாயில்லை என்று ஆசிரியர் கடைசியில் தீர்ப்புச் சொன்னார்.

கதை ஒரு நடிகரைப் பற்றியது. இங்கே மார்சிலிங் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்து, சென்னைக்குப் போய்க் கதாநாயகன் ஆனவர். உள்ளூர் நாடகங்களில் சின்னச் சின்ன வேடங்களில் வந்துபோன காலத்தில் அவரை முதலில் பேட்டி எடுத்தவன் நான். அப்போது அவரை 'அவன்' என்று சொல்லலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்தப் பேட்டி மார்சிலிங்கில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. சின்ன வயதில் என்ன கஷ்டப்பட்டாய் என்று கேட்டேன். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். அவன் மோட்டுவளையைப் பார்த்து யோசித்தான். ஒன்றும் அகப்படவில்லை. "சாப்பாட்டுக்கே கஷ்டப்பட்ட நாள் ஏதாவது?" என்று நானே எடுத்துக் கொடுத்தேன். சமையலறையிலிருந்து அவன் அம்மா வெளியே வந்தார்.

"பசியா? இவனுக்கா? பசின்னா என்னன்னே தெரியாது தம்பி இவனுக்கு. நான் ஸ்கூல் கேண்டீன்ல கடை வச்சிருக்கேன்லா. மிச்சம் வர்ற கோழிக் குழம்பெல்லாம் எங்க போவுதுன்னு நெனைக்கிறீங்க?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். வயிற்றைத் தட்டிக் காட்டினான். கஷ்டப்படாமலே நடிகனாக வந்த பையன் என்று நான் எழுதினேன். கட்டுரையை அந்த அம்மா கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொலைக்காட்சிக்கு மேலே மாட்டிவைத்தார். எனக்கு வேறு விருது எதுவும் கிடைத்ததில்லை என்பதால் அதையே விருதாக நினைத்துக்கொண்டேன்.

ஆகவே, லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக்கடையைத் திறந்துவைக்க அவர் வருகிறார் என்று தெரிந்ததும், பேட்டி எனக்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். அவர் மேலாளரைச் சென்னையில் தொலைபேசியில் பிடித்தேன்.

"பண்ணிடலாம் சார். பேமென்ட் பேசிடலாமா?" என்றார் அவர்.

"நாங்க பணம் கொடுக்கறதில்லைங்க."

"ஓ. அப்ப சார் ரொம்ப பிஸி சார்."

பேட்டியை வாங்கியது யார் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. அங்கேதான் என் வயிறு பற்றிக்கொண்டது. வாங்கியவள் என் தோழி. நானும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். எதிரெதிர் மேசை. அவள் எழுதும் செய்தியில் ஒற்றுப்பிழைகளைத் திருத்தியவன் நான். அவள் வேலையை விட்டுவிட்டு இணையத்தில் சொந்தமாக ஒரு சேனல் தொடங்கினாள். மூன்று மாதம் தாங்காது என்று அலுவலகத்தில் எல்லாரிடமும் சொன்னேன். தாங்கியது. தாங்கியது மட்டுமில்லை, வளர்ந்தது. சேனல் விளம்பரமாக அவள் முகம் ஒட்டிய கார் ஒன்று ரேஸ் கோர்ஸ் சாலையில் என்னைக் கடந்துபோகும். ஒவ்வொரு முறையும் நான் சாலையின் மறுபக்கம் பார்ப்பேன்.

ஃபேரர் பார்க் நிலையத்துக்குப் பக்கத்தில், பழைய நாட்களில் நாங்கள் பரோட்டா சாப்பிடும் கடையில் அவளைப் பார்த்தேன். பேட்டியைப் பற்றிப் பேசப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். தே தாரிக் தேநீர் மேசைக்கு வருவதற்குள் பேசிவிட்டேன்.

"காசு கொடுத்து வாங்கறதுக்குப் பேரு பேட்டியா? விளம்பரம்னு சொல்லு."

அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுவே எனக்குப் பெரிய எரிச்சல்.

"இங்க பாரு. அவர் பாடினா காசு குடுக்கறோம், ஆடினா குடுக்கறோம், ரிப்பன் வெட்டினாக்கூட குடுக்கறோம். பேசினா மட்டும் சும்மா பேசணுமா? நீ சம்பளம் வாங்கறே. உன் ஆபீஸ் விளம்பரம் வாங்குது. கதை சொன்னவங்களுக்கு ஒரு பெட்டி ஜிலேபி. இதுல நீ யோக்கியன், நான் மோசமா?"

"காசு வாங்கிட்டுப் பேசறவங்க காசுக்குத் தகுந்த மாதிரிதான் பேசுவாங்க."

"சும்மா பேசறவங்க எல்லாம் உண்மையாவே பேசிட்டாங்களா? உன்கிட்ட எத்தனை பேர் சும்மாவே புளுகியிருக்காங்க, சொல்லவா?"

சொல்ல வேண்டாம் என்றேன். அவள் எழுந்து போய் இருவருக்கும் சேர்த்துக் காசு கொடுத்தாள். அது வேறு.

வீட்டுக்குப் போகும் ரயிலில் ஒரு யோசனை வந்தது. நடிகர் கிடைக்காவிட்டால் என்ன, அவர் அம்மா இருக்கிறாரே. மகன் எத்தனையோ முறை அழைத்தும் அவர் சென்னைக்குப் போகவில்லை. கேண்டீன் கடையை விட்டுவிட்டு, மார்சிலிங்கில் அதே வீட்டில்தான் இருக்கிறார். மறுநாளே ஜிலேபிப் பெட்டியோடு கிளம்பினேன்.

என்னைக் கண்டதும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. என் கட்டுரை அதே இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் மஞ்சளாகியிருந்தது, அவ்வளவுதான். மகன் வருகிறாராமே என்று ஆரம்பித்தேன். அவர் முகம் சட்டென்று சுருங்கிவிட்டது.

"பேசக் கூடாதாம் தம்பி. அந்தப் பொண்ணோட நிகழ்ச்சி வர்ற வரைக்கும் வீட்டுல யாரும் வாய தொறக்கக் கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்காங்களாம். மேனேஜர் போன் பண்ணிச் சொன்னாரு."

"உங்க மகனைப் பத்தி நீங்க பேசக் கூடாதா?"

"என்னமோ கான்டிராக்டாம்லா."

பிறகு அவர் மின்தூக்கி பழுதானதைப் பற்றிப் பேசினார். முட்டிவலி பற்றிப் பேசினார். பசாரில் மீன் விலை ஏறியதைப் பற்றியும், மேல்மாடியில் கட்டிலை இழுக்கிறவர்களைப் பற்றியும் பேசினார். ஒவ்வொரு பேச்சும் எப்படியோ மகனிடம் போய் நிற்கும். உடனே வாயை மூடிக்கொள்வார். "அவனுக்கு வஞ்சர மீனுன்னா..." என்று தொடங்கி, என்னைப் பார்த்து, "பேச்சு மாத்துங்க தம்பி" என்றார். ஒரு தாய் தன் பிள்ளைக்குப் பிடித்த மீனைச் சொல்ல வேறொருத்தியிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரம் நியாயமானது. அந்த மீன்கூட அவளுக்குத்தான் போகப்போகிறது என்று கூடவே ஓர் எரிச்சல் வந்ததே, அதை என்னவென்று சொல்வது?

கடைத் திறப்பு விழாவுக்குப் போனேன். கூட்டம் சாலையில் வழிந்தது. எல்லார் தலைக்கு மேலும் கைப்பேசி. நடிகர் காரிலிருந்து இறங்கியபோது நான் கத்திக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தார், அடையாளம் தெரிந்தது, நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தார். உள்ளே போய்விட்டார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பட்டுப்புடவையில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

நிகழ்ச்சி வெளியானபோது பார்க்கக் கூடாது என்றிருந்தேன். வெளியான உடனே பார்த்தேன். வெளிச்சம் அருமை, படப்பிடிப்பு அருமை. அவள் குரல்கூட முன்பைவிடக் கனிந்திருந்தது. குறை கண்டுபிடிக்கத் தவித்துப்போனேன். சின்ன வயதுக் கஷ்டங்கள் பற்றி அவள் கேட்டாள். நான் கேட்ட அதே கேள்வி.

நடிகர் இம்முறை மோட்டுவளையைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்தார். "வீட்டுல அரிசி இருக்காது. வெறும் தண்ணியக் குடிச்சிட்டு ஸ்கூலுக்குப் போயிருக்கேன். பசி எனக்கு வாத்தியார்" என்றார். கண்ணீர் வழிந்தது. அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பின்னணியில் புல்லாங்குழல்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எந்தப் பள்ளிக்குத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்? ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் அம்மா கேண்டீனில் சோறு போட்டுக்கொண்டிருந்தபோதா? பொய் என்று தெரிந்தும், அந்தக் கண்ணீர் என் கட்டுரையில் வராமல் அவள் நிகழ்ச்சியில் வந்துவிட்டதே என்று ஒரு கணம் ஏங்கினேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் ஏங்கினேன். காணொளிக்குக் கீழே கருத்துகள் கொட்டிக்கொண்டிருந்தன. 'அழுதேன்', 'நானும் அழுதேன்', 'என் அம்மாவும் அழுதார்'.

அவளுக்குத் தொலைபேசி போட்டேன். "அவர் அம்மா கேண்டீன்ல கடை வச்சிருந்தாங்க. உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும். உன் பழைய ஆர்ட்டிகிள்ல படிச்சேன்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"எப்படிக் கேக்கறது? காசு குடுத்துக் கூட்டிட்டு வந்து உக்கார வச்சிருக்கேன். பொய் சொல்றீங்களான்னு மூஞ்சிக்கு நேரா கேக்க முடியுமா? எழுந்து போனா என் காசும் போச்சு, ஸ்பான்சரும் போச்சு." பிறகு குரலைத் தாழ்த்தி, "உன்கிட்ட எப்படிச் சிரிச்சிருக்காரு. என்கிட்ட ஒரு தடவைகூட சிரிக்கலை" என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்கு அவள்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. குளுகுளுவென்றிருந்தது. அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள், அந்தப் பசி பொய். இனி அம்மா வாயால் ஒரு வரி கிடைத்தால் போதும், மொத்த நிகழ்ச்சியும் சீட்டுக்கட்டாகச் சரிந்துவிடும். தலைப்புகூட மனதில் தயாராகிவிட்டது.

கேட்காமலே கிடைத்தது. அடுத்த நாள் காலை அந்த அம்மாவே கூப்பிட்டார். "இப்பப் பேசலாமாம் தம்பி. வாங்க. உங்ககிட்டே காசெல்லாம் வாங்க மாட்டேன்" என்றார். ஜிலேபி வாங்கக்கூட நிற்காமல் ஓடினேன்.

அவர் புதுப்புடவை கட்டியிருந்தார். கூடத்தில் உட்கார்ந்து, பேசுங்கள் என்று நான் சொல்வதற்காகக் கைகளை மடியில் கோத்துக்கொண்டு காத்திருந்தார். ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. "மகனோட சின்ன வயசைப் பத்திச் சொல்லுங்கம்மா" என்றேன்.

"பட்டினியா கிடந்தான் தம்பி. வீட்டுல அரிசி இருக்காது. வெறும் தண்ணியக் குடிச்சிட்டு ஸ்கூலுக்குப் போவான்."

நடிகர் சொன்ன அதே வரிசை.

"அம்மா, நீங்க கேண்டீன்ல கடை..."

"அதெல்லாம் அப்புறந்தான் தம்பி. அதுக்கு முன்னால கஷ்டந்தான்." என் தலைக்கு மேலே எதையோ பார்த்தார். "எல்லாரும் போன் பண்றாங்க. கோயில்ல கையப் புடிச்சிட்டு அழுவுறாங்க. எம்புள்ள பொய் சொல்வானா?"

நான் திரும்பிச் சுவரைப் பார்த்தேன். என் கட்டுரை இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. அவர் கேட்காமலே, "கண்ணாடி கீறிப்போச்சு, கழட்டி வச்சிருக்கேன்" என்றார். சுத்தமான பொய். அதுகூட அவருக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. பிள்ளைக்காகச் சோறு பொங்கியே பழகியவர். பிள்ளை பட்டினி கிடந்ததாகச் சொல்ல அவருக்கு யாரோ கற்றுக் கொடுத்திருக்கிறார்கள், அல்லது அந்தக் கண்ணீரைப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டிருக்கிறார். எது என்று கேட்கும் துணிச்சல் எனக்கில்லை.

மேற்கொண்டு எதையும் கேட்காமல் எழுந்தேன். அவர் விடவில்லை. கையைப் பிடித்து உட்கார வைத்துத் தட்டை வைத்தார். சோறு, கோழிக் குழம்பு, பொரித்த வஞ்சரம். வேண்டாம் என்றேன். இப்போதுதான் சாப்பிட்டேன் என்றேன்.

"அட உக்காருங்க தம்பி. இந்த வீட்டுக்குள்ள வந்து யாரும் பசியோட போனதே கெடையாது."

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது போலிருக்கிறது. கரண்டி தட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்தார், நான் மேசையைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. எனக்கு வேண்டியிருந்த வரி. அவள் காசு கொடுத்தும் வாங்க முடியாத வரி எனக்குச் சும்மா கிடைத்துவிட்டது.

கருவியை எடுத்து, அவர் கண் முன்னாலேயே பதிவை அழித்தேன். அவர் என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். நான் சாப்பிட்டேன்.