காயம்பட்ட மானும் எங்கள் உபசாரமும்

இந்நாட்டு வேட்டைக்காரரின் நாகரிகத்தை நம்மவர் ஓயாது புகழ்வதால், நான் கண்டதை எழுதிவைப்பது கடமையாயிற்று.

டென்மார்க்கில் சில்க்போர்க் நகரை அடுத்த எங்கள் காணிக்குள் குண்டடிபட்ட மானொன்று புகுந்தது. சுட்ட டேனியர் வேலியைத் தாண்டாமல் நாயுடன் வாசலுக்கு வந்து, தொப்பியைக் கழற்றி, வேட்டைச் சட்டப்படி அதைத் தேடிச்செல்லக் காணிக்காரரான எங்களிடம் அனுமதி வேண்டினார். சுடுமுன் மானிடம் அவர் எதுவும் வேண்டியதாகத் தெரியவில்லை.

நான் இசைவு சொல்லுமுன், "வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோடை அனுப்புறதே? தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும்" என்றாள் என் மனைவி. கோப்பையைக் கண்டவர், அனுமதி பெறும் முறை இதுவென எண்ணி, சப்பாத்தைக் கழற்றிவிட்டு அமர்ந்தார்.

"இஞ்சாரும், அங்கை மான் துடிக்குது!" என்றேன்.

"சுட்டவரே ஆறுதலா இருக்கிறார். உங்களுக்கென்ன அவசரம்?"

அவர் வடையையும் பாராட்டி உண்டார். பின்னர் அவரது நாய் மானைக் கண்டுபிடித்தபோது அதன் உடல் குளிர்ந்திருந்தது. எவருடைய மரியாதைக்கும் குறைவு நேரவில்லை.

வேட்டைச் சட்டத்தை நான் பிழையாக விளங்கியிருப்பின், அறிந்தோர் திருத்தியருள்க.