அருள் வராத வருஷம்

சபரிமலைக்கு மாலை போட்டவனை யாரும் திட்ட முடியாது. அந்த ஒரு சௌகரியத்தால்தான், தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதம் நான் பட்ட பாடு வெளியில் யாருக்கும் தெரியாமல் போயிற்று.

அப்போது நான் கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். எங்கள் ஆபீஸை கம்ப்யூட்டர் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. டிரேசிங் தாளில் இங்க் பேனாவால் கோடு போடுவதுதான் பிழைப்பு. தப்பாகப் போட்ட கோட்டை, பாதியாக உடைத்த பிளேடால் தாள் கிழியாமல் சுரண்டி எடுக்க வேண்டும். வீடு மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். மனைவி கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

அதற்கு முந்தைய வருஷம் எனக்கு உடம்பு சரியில்லாமல் போனது. உடம்பு என்று வெளியில் சொல்லிக்கொண்டோம், சரியில்லாமல் போனது மனசு. காலையில் எழுந்து பல் தேய்ப்பதே பெரிய வேலையாகத் தெரிந்தது. அழுகைகூட வராது. சும்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். மனைவிதான் அடையாறில் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனாள். அந்தக் கட்டடத்தில் கீழே பல் டாக்டர், மேலே மனசு டாக்டர். "தெரிஞ்சவங்க யாராவது பாத்தா பல் வலின்னு சொல்லிடலாம்" என்று படியேறும்போதே தைரியம் சொன்னாள். மாடியில் யாரைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்தால் கீழ்ப்பாக்கம் கேஸ் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிற ஊர் இது.

டாக்டரம்மா கொடுத்த சின்ன வெள்ளை மாத்திரை கொஞ்ச நாளில் வேலை செய்தது. சாப்பாட்டில் உப்பு குறைந்தால் சத்தம் போடுகிற அளவுக்குத் தேறினேன். மனைவி அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள். நான் எழுந்து நடமாடினால் மலைக்கு அனுப்புவதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாளாம். சரி, போய்வருகிறேன் என்றேன்.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு குருசாமி இருந்தார். தபால் ஆபீஸில் ரிட்டயர் ஆனவர், வருஷா வருஷம் கூட்டம் சேர்த்து மலைக்கு அழைத்துப் போகிறவர். எனக்கு மாலை போடும்போது விரத விதிகளைக் கடகடவென்று ஒப்பித்தார். செருப்பு கூடாது, சவரம் கூடாது, மாமிசம் கூடாது. "போதை வஸ்து எதுவும் நாக்குல படக் கூடாது சாமி" என்று அவர் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. டிராயரில் இருக்கும் வெள்ளை மாத்திரை ஞாபகத்துக்கு வந்தது. அது மூளைக்குப் போகிற சமாச்சாரம், சாப்பிட்டால் தூக்கம் வேறு வருகிறது. அப்புறம் அது போதை இல்லாமல் வேறென்ன? டாக்டரிடம் கேட்கவில்லை, மனைவியிடம் சொல்லவில்லை. அன்றைக்கே நிறுத்திவிட்டேன். மனசுக்குள் பெரிய பக்திமான் என்ற நினைப்பு.

முதல் இரண்டு மூன்று நாள் ஒன்றும் இல்லை. பிறகு ஆரம்பித்தது. தலையைத் திருப்பினால் மண்டைக்குள் சுரீரென்று கரண்ட் பாய்ந்தது. கண்ணை மட்டும் திருப்பினாலும் பாய்ந்தது. தரை மெத்தைபோல் அமுங்கியது. விடியற்காலையில் குளிர்ந்த தண்ணீரில் குளித்துவிட்டு வந்து நிற்கும்போதே வியர்த்தது. எதைப் பார்த்தாலும் குமட்டியது. தூங்கினால் கனவு, கனவு முழுக்கச் சண்டை. எல்லாவற்றுக்கும் மேலாக, காரணமே இல்லாமல் அழுகை வந்தது. பஸ்ஸில் கண்டக்டர் ஒரு கிழவியைக் கை கொடுத்து ஏற்றிவிட்டதைப் பார்த்து சைதாப்பேட்டை வரைக்கும் அழுதுகொண்டே போனேன்.

பழைய வியாதி திரும்பி வந்துவிட்டது என்று நடுங்கிப்போனேன். மறுபடியும் அந்தச் சுவர், அந்த நாற்காலி. இன்னொரு தடவை அதைத் தாங்க எனக்குத் தெம்பு இல்லை, என் மனைவிக்கும் இல்லை என்று தோன்றியது.

ஊர் இதை எப்படிப் பார்த்தது என்பதுதான் வேடிக்கை. நான் சாப்பிடாமல் எழுந்தால் கடும் விரதம் என்றார்கள். தூங்காமல் கண் சிவந்திருந்தால் ஜபம் பண்ணியிருக்கிறார் என்றார்கள். கை நடுங்கி டிரேசிங் தாளில் இங்க்கைக் கொட்டினேன். வேறு நாளாக இருந்தால் மேனேஜர் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார். அன்றைக்குக் கழுத்தில் மாலையைப் பார்த்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, "என்ன சாமி இது, கொஞ்சம் பாத்துப் போடக் கூடாதா சாமி" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

சனிக்கிழமை சாயங்காலம் குருசாமி வீட்டுக் கூடத்தில் பஜனை நடக்கும். நொச்சிக்குப்பத்திலிருந்து ஒரு சாமி வருவார். மீன்பிடிப் படகு வைத்திருப்பவர். விரத காலத்தில் வீட்டில் மீன் வாசனை ஆகாது என்று குருசாமி வீட்டிலேயே படுத்துக்கொள்வார். கஞ்சிரா அவர் கையில்தான். அன்றைக்கு அவர் வேகம் கூட்டக் கூட்ட, எனக்குத் தலைக்குள் கரண்ட் ஓடியது. உடம்பு உதறியது. கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. எழுந்து வெளியே ஓடலாம் என்று பார்த்தேன், தரை அமுங்கியது, அப்படியே தள்ளாடினேன்.

"கன்னிச்சாமிக்கு அருள் வந்துடுச்சு!" என்று யாரோ கத்தினார்கள். கன்னிச்சாமி என்றால் முதல் தடவை மலைக்குப் போகிறவன். நெற்றியில் விபூதி அப்பினார்கள். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நொச்சிக்குப்பத்துச் சாமி கஞ்சிராவைக் கீழே வைத்துவிட்டு என் காலில் விழுந்தார்.

"சாமி, போட்டு மோட்டாரு ரிப்பேராயி குந்திகினு கீது. எப்ப ரெடியாவும்னு ஒரு வாக்கு சொல்லு சாமி."

என்ன சொல்வது? வாந்தி வந்துவிடுமோ என்ற பயத்தில் வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினேன். திங்கட்கிழமை மோட்டார் ஓடிவிட்டதாம். அடுத்த சனிக்கிழமை கூடத்தில் உட்கார இடமில்லை. கல்யாணம் தள்ளிப்போன பெண்ணை அழைத்துக்கொண்டு மாம்பலத்திலிருந்து ஒரு குடும்பமே வந்திருந்தது. அந்தப் பெண்ணின் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கே விமோசனம் தெரியாமல் தவிக்கிறேன், என்னிடம் வந்து நிற்கிறார்களே என்று ஆத்திரமாகவும் வந்தது.

மனைவி மட்டும் ஏமாறவில்லை. மாலை போட்டவனை அவளும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினாள்.

"சாமி, அந்த மாத்திரையைப் போடறீங்களா இல்லையா?"

நான் கழுத்து மாலையின் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தேன்.

"வாயத் தொறந்து சொல்லுங்க சாமி. இல்லன்னா சாமின்னுகூடப் பாக்க மாட்டேன்."

சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாளே அடையாறு. கறுப்பு வேட்டி, தாடி, வெறுங்காலோடு மாடி ஏறினேன். இந்தக் கோலத்தில் பல் வலி என்று சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு கேள்வி கேட்டார். "போன வருஷம் முடியாம இருந்தப்போ மண்டைக்குள்ள இந்த மாதிரி கரண்ட் அடிச்சுதா?"

"இல்ல."

"அழுகை வந்துதா?"

"இல்ல டாக்டர். அழ முடிஞ்சா தேவலைன்னு இருந்துது."

"அப்ப இது அது இல்ல. பழகின மாத்திரையைத் திடீர்னு பிடுங்கிட்டீங்க, உடம்பு தடுமாறுது. வியாதி திரும்பலை. திரும்பப் போட்டா அடங்கிடும். அப்புறம் நிறுத்தலாம், நிச்சயமா நிறுத்தலாம். ஆனா நான் சொல்ற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமா."

வியாதி திரும்பலை. அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வந்த நிம்மதியை எந்தப் பஜனையிலும் நான் கண்டதில்லை. படியிறங்கும்போது மனைவி கையைப் பிடித்துக்கொண்டேன். விரதத்தில் அதுவும் கூடாது. அவளும் விடவில்லை.

குருசாமியிடம் சொல்லாமல் மாத்திரை போட மனசு ஒப்பவில்லை. மாலையைக் கழற்றச் சொல்வாரோ என்று பயந்துகொண்டே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"அப்ப, அந்த அருள்?"

"மாத்திரை போடாததால வந்தது சாமி."

அலமாரியில் இருந்த தன் மருந்து டப்பாவைக் காட்டினார். "மாத்திரையைப் போடுங்க சாமி. எங்கிட்ட இருக்கற சுகர் மாத்திரையை வெச்சு ஒரு கடையே போடலாம். மருந்துக்கு ஏது விரதம்?" என்றார். நான் எழுந்தபோது குரலைத் தாழ்த்தி, "வெளில மட்டும் சொல்லிட வேணாம். கூட்டம் நல்லா வந்துகிட்டிருக்கு" என்றார்.

அவர்மேல் கோபம்தான் வந்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. பல நாள் கழித்து வந்த சிரிப்பு.

மாத்திரையைப் போட்டதும் சில நாளில் தரை கெட்டியானது. மலைக்குப் போய்வந்தேன். தை பிறந்ததும் டாக்டரம்மா கணக்குப்படி குறைக்க ஆரம்பித்தோம். முதலில் முக்கால் மாத்திரை. கத்தியால் வெட்டினால் பொடியாகிவிடும். இங்க் சுரண்டுகிற பிளேடில் புதிதாக ஒன்றை இதற்கென்று ஒதுக்கி வைத்துக்கொண்டேன். டிராயிங் போர்டு முன்னால் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கோடு போடுகிற மாதிரியே அழுத்துவேன். நான்கு துண்டும் ஒரே அளவில் வரும். என் தொழில் இதற்குக்கூட உதவுகிறதே என்று கர்வமாக இருந்தது. மனைவி துண்டுகளைப் பழைய குங்குமச் சிமிழில் போட்டு வைத்தாள்.

ஒவ்வொரு தடவை குறைக்கும்போதும் சில நாள் தலை சுற்றும், கரண்ட் லேசாக அடிக்கும், கனவில் சண்டை நடக்கும். என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்ததால் பயம் இல்லை. வந்தியா, வா, இருந்துட்டுப் போ என்று வேண்டாத விருந்தாளியிடம் சொல்வதுபோல் சொல்லிக்கொள்வேன். சாயங்காலம் நொச்சிக்குப்பம் வரை நடந்துபோய்க் கடற்காற்றில் நிற்பேன். ரோட்டோரம் மீன் விற்கிற இரைச்சலில் மண்டைக்குள் இருக்கும் இரைச்சல் அமுங்கிப்போகும்.

சித்திரை வெயிலில் ஒரு தடவை அவசரப்பட்டேன். நன்றாகத்தான் இருக்கிறோமே என்று அடுத்த துண்டையும் முன்கூட்டியே விட்டேன். ஆபீஸ் பாத்ரூமில் போய் அழும்படி ஆயிற்று. டாக்டரம்மா, "ஒரு படி திரும்ப ஏறிக்கோங்க, இதுல ரேஸ் ஒண்ணும் இல்ல" என்றார். குதிரைப் பந்தய மைதானம் இருக்கிற கிண்டியில் வேலை செய்கிறவனிடம் ரேஸ் பற்றிச் சொல்கிறாரே என்று மனைவிக்கு ஒரே சிரிப்பு. ஏறிக்கொண்டேன். மழைக்காலம் ஆரம்பிக்கும்போது சிமிழ் காலியானது. மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் ஒன்றும் நடக்கவில்லை.

ஆனாலும் ஒரு பரீட்சை பாக்கி இருந்தது. கார்த்திகை வந்தது, மறுபடியும் மாலை போட்டேன். முதல் சனிக்கிழமை குருசாமி வீட்டுக் கூடம் நிரம்பி வழிந்தது. முந்தைய வருஷத்துக் கதையைக் கேட்டு வந்தவர்கள் எனக்கு நேர் எதிரே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். கஞ்சிரா வேகமெடுத்தது. இப்போது வந்தால் ஒரு வருஷமாகப் பட்டதெல்லாம் வீண். தலையை மெதுவாக இடது பக்கம் திருப்பினேன். ஒன்றும் இல்லை. வலது பக்கம் திருப்பினேன். ஒன்றும் இல்லை. கையை நீட்டிப் பார்த்தேன், கோடு போடலாம் போல நேராக இருந்தது. முழங்காலில் கொசு கடித்தது, சொறிந்துகொண்டேன்.

தீபாராதனை ஆயிற்று. நொச்சிக்குப்பத்துச் சாமி ஏமாற்றத்தோடு நகர்ந்து வந்தார்.

"இன்னா சாமி, இந்த வருசம் அருள் வர்லியே?"

"வரல சாமி" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை அவரிடம் எப்படி விளக்குவது?

அவர் என்னை விட்டுவிட்டுப் பெண்கள் பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். என் மனைவி தூணில் சாய்ந்து, என்னையே பார்த்தபடி, தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறாள், அழுகை நிற்கவே மாட்டேன் என்கிறது.

"தோ பாரு சாமி" என்று என் தொடையில் தட்டினார் அவர். "இந்த வருசம் அண்ணிக்கு வந்துகீது."