காக்கைச் சோற்றுக்கு வந்த மான்

ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். நாங்கள் குடியேறிய இந்த வெளிநாட்டு ஊர்ப் பெட்ரோல் பங்கில் மக்காச்சோள மூட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள்; மூட்டைமேல் மான் படம். வந்த புதிதில் கோழித் தீவனம் என்று நினைத்தேன். இல்லையாம், மானை வரவழைக்கவாம். கொட்டிப் பழக்கினால் தினமும் அதே இடத்துக்கு வரும். வேட்டை சீசன் திறந்ததும் சுடலாம். மான்கள் ஒரே இடத்தில் வாய் வைத்தால் நோய் பரவுகிறது என்று எங்கள் மாவட்டத்தில் இரை வைக்கத் தடை போட்டிருக்கிறார்கள். பக்கத்து மாவட்டத்தில் தடையில்லை, அதனால் மூட்டை நன்றாகவே விற்கிறது. மானுக்கு மாவட்ட எல்லை தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் வீட்டுக் கதை வேறு. என் மனைவி செல்வி தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன், பொழுது சாயும்போது கொல்லையில் ஒரு மரக்கட்டைமேல் காக்கைக்குச் சோறு வைப்பாள். பருப்பும் நெய்யும் உப்பும் போட்டுப் பிசைந்த சோறு, இறந்துபோன அவள் அண்ணன் பாண்டிக்கு. இங்கத்துக் காக்கைக்கு நம் முறை தெரியாது, கூப்பிட்டால் பறந்துவிடும். ஆனாலும் சோறு மிச்சமிருந்ததில்லை. அண்ணன் எடுத்துக்கொண்டதாக நினைத்து அவள் நிம்மதியாகச் சாப்பிட்டு வந்தாள்.

சீசனுக்கு முந்தின நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு டேல் கதவைத் தட்டினார். வாசலில் நின்ற அவர் வண்டிக்குள் துப்பாக்கி தெரிந்தது. கொல்லைக்கு அழைத்துப் போய்க் குளம்புத் தடங்களைக் காட்டினார். மான்கள் தன் காட்டுப் பக்கம் வருவதே நின்றுவிட்டது, இருட்டியபின் இங்கேதான் வருகின்றன, நீங்கள் இரை வைக்கிறீர்கள் என்றார். குரலை உயர்த்தவில்லை, அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. இது மானுக்கு இல்லை, என் மச்சானுக்கு வைத்த சோறு என்றேன். அவர் கண்கள் என்னை விட்டு மரங்களுக்குள் எதையோ தேடின.

"அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்?" என்றார்.

இரையை வைத்துவிட்டு மச்சான் துப்பாக்கியோடு காத்திருப்பதாக நினைத்துவிட்டார். சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. பாண்டி மச்சான் ஒருநாள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

போடிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் அவருக்கு வேலை. தோட்டத்தை ஒட்டிய காட்டில் ஒரு பாறை. அதன் இடுக்கில் கல்லுப்பைத் தூவினால் மிளா, நம் மலையின் பெரிய மான், நக்க வரும். பழகிவிட்டால் விடாது. பிடித்தால் ஜெயில் என்று மச்சானுக்குத் தெரியும். அந்தப் பாறை வேறு துப்பாக்கிகளுக்கும் பழகிவிட்டது என்பதுதான் தெரியவில்லை. அந்தி மசங்கலில் அவர் அசைந்தார். மிளா என்று நினைத்து எதிர்ப்பக்கமிருந்து எவனோ சுட்டுவிட்டான். உடலை ஜீப்பில்தான் சொந்த ஊரான சிலமலைக்குக் கொண்டுவந்தார்கள். கறிக்கு ஆசைப்பட்டுப் போன மனுசனுக்குச் சோறு வைக்க மாட்டேன் என்று அவர் மனைவி சொல்லிவிட்டார். செல்விக்கு அவர் மதினி, எதிர்த்துப் பேச முடியுமா? அன்றிலிருந்து செல்விதான் வைக்கிறாள்.

மச்சான் உயிரோடு இல்லை, மானென்று நினைத்துச் சுட்டுவிட்டார்கள் என்று டேலிடம் சொன்னேன். தொப்பியைக் கழற்றினார். சோற்றில் உப்பு உண்டா என்று மெதுவாகக் கேட்டார். தலையாட்டினேன். இனி உப்பில்லாமல் வைத்தாலும் வரும், பழகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பின்னால் நின்ற செல்விக்கு அந்த அளவு ஆங்கிலம் புரியும். "அண்ணன் பேரச் சொல்லி நானும் உப்பு வச்சுருக்கேனாங்க?" என்றாள். கட்டையைக் கழுவினாள். அன்று சாப்பிடவில்லை. விடிந்ததும் காட்டுக்குள் வெடிச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் கொல்லையையே பார்த்தாள். அன்றும் சாப்பிடவில்லை. எனக்குக் கோபமும் பயமும் சேர்ந்து வந்தன. ராத்திரி அவளே சிலமலைக்குப் போன் போட்டாள்.

"மதினி, இங்க வைக்க முடியல. நீங்க வைங்க."

மதினியின் குரல் வந்தது: "அவருக்கு வைக்க மாட்டேன் ஆத்தா. நீ பட்டினி கெடக்காத, ஒனக்காக வைக்கிறேன்."

அங்கே காலையில் உலை இறக்கும் நேரம், எங்களுக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரம். வெறும் தட்டையும் போனையும் முன்னால் வைத்துக்கொண்டு செல்வி காத்திருப்பாள். காக்கா எடுத்துருச்சு, சாப்பிடு என்று மதினி சொல்வார். கொல்லையில் மான் இன்னும் வெறும் கட்டையை நக்கிக்கொண்டு நிற்கும். செல்வி தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய், கரண்டியால் தட்டி அதை விரட்டுவாள். பிறகு உள்ளே வந்து அதே தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்காருவாள்.